எஞ்சின் மாறிய வண்டியும் எனதுடல் என்னும் ஏதுவும்



மெய்கண்ட தேவநாயனார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்திலே ஆன்மா உண்டென்பதற்கு ஏதுக்கள் பலவற்றை அடுக்கி, இறுதியில் இவ்வுடம்பை மாயையினாலாகிய ஓர் இயந்திரம் எனக் குறித்தருளினர். அச்சூத்திரத்தை ஓதுவார் பலர் ஏனைய ஏதுக்களை நெடிது ஆராய்ந்து, இயந்திரம் என்னும் இவ்வொரு சொல்லை உவமை மாத்திரையாகக் கொண்டு கடந்து செல்வர். இயந்திரங்களைப் பிரித்தலும் கூட்டுதலுமே தொழிலாக வயிறு வளர்த்த எனக்கு அச்சொல் அங்ஙனம் கடந்து செல்லத்தக்கதாக என்றுந் தோன்றியதில்லை.

யான் வாழும் இங்கிலாந்து நாட்டிலே அயலார் ஒருவர்க்குரிய இத்தாலிய மோட்டார் சைக்கிளில், அதனோடு பிறந்த எஞ்சினை நீக்கி, பத்தாண்டு பிற்பட்ட வேறோர் எஞ்சினைப் பொருத்தும் வேலை எனக்கு வாய்த்தது. வேலை நடந்த ஆறு வாரமும் மேற்படி சூத்திரத்தின் ஏதுக்கள் ஒவ்வொன்றாக என் முன் வந்து நின்றன. அவற்றை நம் அன்பர்க்கு எழுத விழைந்தேன். இரும்பும் எண்ணெயும் ஞானநூற் பத்திரிகைக்கு ஏற்குமோ எனின், மண்ணும் திரிகையும் குயவனும் நம் ஆசிரியன்மார்க்கு உதவினவன்றோ? அவர் காலத்துப் பட்டறை அது; நம் காலத்துப் பட்டறை இது.

வண்டி மோட்டோ குட்ஸி என்னும் பெயரினது. இத்தாலியின் வடபால் கோமோ ஏரியின் கீழ்க்கரையில், கிரிஞ்ஞா மலையடிவாரத்தே, மாந்தெல்லோ தெல் லாரியோ என்றொரு சிற்றூர் உளது. முதல் உலகப் போரில் விமானப்படையிற் கூடிப் பழகிய மூவர், போர் முடிந்தபின் மோட்டார் சைக்கிள் செய்வதெனத் தம்முள் உறுதி செய்துகொண்டனர். அவருள் ஜொவன்னி ரவெல்லி என்பார் 1919-இல் விமான விபத்தில் இறந்தார். எஞ்சிய கார்லோ குட்ஸியும் ஜோர்ஜியோ பரோதியும் 1921-இல் அத்தொழிற்சாலையைத் தொடங்கினர். இறந்த தோழரை நினைந்து சிறகு விரித்த கழுகையே தம் வண்டிகட்குச் சின்னமாக வைத்தனர். ஆதலின் அவ்வண்டிகளின் எண்ணெய்த் தொட்டி ஒவ்வொன்றினும் இறந்தாரொருவரின் நினைவு பொறிக்கப்பட்டிருக்கிறது என்னலாம். என் அயலார் கதைக்கு இஃதொரு வகையில் முன்னறிவிப்பே.

அத்தொழிற்சாலையார் 1967-இல் வி7 என்னும் வண்டியை விற்பனைக்கு விடுத்தனர். அதன் எஞ்சினை வகுத்தவர் ஜூலியோ சேசரே கார்க்கானோ என்னும் பொறியறிஞர். இரண்டு சிலிண்டர்கள் ஒன்றற்கொன்று தொண்ணூறு பாகை விலகி, இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக, ஓட்டுவான் முழங்கால்களுக்கு முன்னே காற்றில் நீட்டிக்கொண்டு நிற்கும். கிராங்கு என்னும் அச்சு வண்டியின் நீளவாட்டிற் கிடக்கும். சங்கிலி இன்றித் தண்டொன்றினாலே பின்சக்கரம் சுழலும். முதலில் 703 கன சென்டிமீட்டர் கொள்ளளவினதாயிருந்த அவ்வெஞ்சின், பின்னர் லீனோ தொந்தி என்பார் கையில் 757 ஆகி, 844 ஆகி, பிறகு 949 ஆயிற்று. அத்தொந்தியே 1971-இல் புதியதோர் இரும்புக் கூட்டையும் வகுத்தார். முன்னே எஞ்சினின் தலைமேல் இருந்த டைனமோவை ஒழித்து, மின்னாக்கும் கருவியைக் கிராங்கின் முன்முனையிற் கொண்டு வைத்தமையால் உயரம் குறைந்தது. குறையவே, நேரிய குழாய்களால் தாழ்ந்த உறுதியான கூடொன்று அமைக்க இடமாயிற்று. தொழிலாளர் பிரேம் என்று வழங்கும் அதனை ஈண்டுக் கூடு என்றே எழுதுவேன். அச்சொல்லின் பயன் பின்னர் விளங்கும்.

என் அயலாரின் வண்டி 1974-இல் வெளிவந்த 850 டி என்னும் வகை. 844 கன சென்டிமீட்டர். வட்ட விளிம்புச் சிலிண்டர்கள். அவர் தந்தையார் அதனைப் புதிதாக வாங்கியவர். 1977-இல் அதன்மேல் தனியே புறப்பட்டுப் பிரான்சையும் சுவிட்சர்லாந்தையும் கடந்து, காட்டார்டு கணவாயின் மேலேறி இறங்கி, அது பிறந்த மாந்தெல்லோவுக்கே சென்று மீண்டனராம். அம்மலையூடு செல்லும் சுரங்கச்சாலை 1980-இல்தான் திறக்கப்பட்டமையின், உச்சி வழியே ஏறிச் செல்வதே அன்று மோட்டாருக்குரிய சாலைவழி. அப்பயணக் கணக்கைப் பென்சிலால் எழுதிய சிறு குறிப்பேடு ஒன்று இருக்கைக்கு அடியில் இருந்தது. பெட்ரோல் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மழை எந்நாள் என்பனவே அதில் உள்ளன. வேறொரு சொல்லும் இல்லை.

தந்தையார் மறைந்தபின் வண்டி பதினெட்டாண்டு ஈரம் ஊறும் கொட்டகையில் நின்றது. மைந்தர் பள்ளியாசிரியர் வேலையினின்று ஓய்வு பெற்றதும் அதனை எடுத்துத் துடைத்து ஓட்டலாயினர். அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றிற் போலவே இதன் சிலிண்டர்களும் உட்புறம் குரோமியம் பூசப்பெற்றவை. நெடுநாள் ஓடாது ஈரத்தில் நின்றால் அப்பூச்சு பெயரும். பெயர்ந்த துகள் எண்ணெயிற் கலக்கும். இவ்வகையில் எண்ணெயை வடிக்கக் கம்பிவலை ஒன்றே உண்டு. காகித வடிகட்டி அடுத்த வகையாகிய டி3-இல், 1975-இல், வந்தது. துகள் பேரிங்குகளைத் தின்றது. ஒரு நாள் நெடுஞ்சாலையில் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சினின் அலுமினிய உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

வண்டியை என்னிடம் கொணர்ந்தபோது அவர் வேண்டியது ஒன்றே: இவ்வெஞ்சினையே எவ்வாறேனும் பிழைப்பிக்க வேண்டும். துளையைப் பற்றவைத்து அடைக்கலாகும். ஆயின் கிராங்கு இருக்கும் துவாரமே கோணியிருந்தது. அதனை ஓட்டுதல் மீண்டும் ஒரு நாள் அவரை நடுச்சாலையில் வீழ்த்துதலாகும் என்று சொல்லி யான் மறுத்துவிட்டேன். அடிபட்டுக் கூடு நெளிந்த வேறொரு குட்ஸியினின்று எடுத்த எஞ்சின் ஒன்று விலைக்கு வந்தது. அது 1984-இல் செய்தது. 949 கன சென்டிமீட்டர். சதுர விளிம்புச் சிலிண்டர்கள். உட்பூச்சும் குரோமியமன்று, பெயராத நிக்கல் வகையினது. காகித வடிகட்டியும் உண்டு. எல்லாவகையானும் மேம்பட்டதே. அவர் அதனை நோக்கி நெடுநேரம் நின்று கூறியது இது:

“எஞ்சின் அன்றோ வண்டிக்கு உயிர்? அதனை எடுத்துவிட்டு வேறொருவர் வண்டியின் எஞ்சினை வைத்தால், என் தந்தையின் சட்டையை அணிந்துகொண்டு அயலானொருவன் வந்து நிற்பது போலாகாதோ?”

இவ்வினா எளியதன்று. உலகினர் யாவரும் எஞ்சினை உயிர் என்றே வழங்குகின்றனர். நம் ஊர்த் தொழிலாளரும் அது நின்றால் ‘உயிர் போயிற்று’ என்பர். யான் அப்போது விடையொன்றும் கூறவில்லை. துயரத்தோடு நிற்பாரிடம் நூற்பொருளை எடுத்து விரித்தல் முறையாகாது. வேலையைத் தொடங்குவோம், அருகிலிருந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒவ்வொரு மாலையும் வந்தனர்.

தொட்டி, இருக்கை, கார்புரேட்டர், புகைக்குழாய் ஆகியவற்றைக் கழற்றியபின் பின்சக்கரத்தையும், அதனைத் தாங்கும் கவையையும், சுழல்தண்டையும் நீக்கினோம். தொந்தி வகுத்த கூட்டில் ஒரு நயம் உண்டு. அதன் அடிக்குழாய்கள் இரண்டும் போல்ட்டுகளாற் பிணிக்கப்பட்டுத் தனியே கழலும். எஞ்சினைக் கட்டைகளின்மேல் நிலத்தில் நிற்கவைத்து, அடிக்குழாய்களை நீக்கி, குறுக்கே ஓடும் இரண்டு நீண்ட போல்ட்டுகளையும் உருவிவிட்டால், இருவர் இருபுறமும் நின்று கூட்டையே மேலே தூக்கி எடுத்துவிடலாம். அஃதாவது, கூட்டினின்று எஞ்சினை எடுப்பதில்லை. எஞ்சினினின்று கூட்டை எடுப்பதே முறை. சட்டையைத் தலைவழியே கழற்றுதல் போல அது கழன்று வந்தது. ஒருபுறம் யானும் ஒருபுறம் அவருமாகத் தூக்கினோம். அது இத்துணை இலேசாயிருத்தல் அவருக்கு வியப்பாயிருந்தது. தந்தையார் ஏறி மலைகடந்த வண்டி, இரண்டு கைகளுக்குள் அடங்கும் சில குழாய்களாக நின்றது.

மறுநாள் உடைந்த எஞ்சினை முற்றும் பிரித்து மேசைமேற் பரப்பினேன். அவர் மேசை நெடுக நடந்து ஒவ்வொன்றையும் சுட்டி, இஃதென்ன, இஃதென்ன என்று கேட்டுக்கொண்டே வந்தனர். பிஸ்டன், வால்வு, ராக்கர், காம் தண்டு, எண்ணெய்ப் பம்பு என யான் பெயர் கூறினேன். மேசையின் கோடியை அடைந்ததும் திரும்பி நின்று, “இவற்றுள் எது என் தந்தையினது?” என்று வினவினர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. எதற்கும் அப்பெயர் இல்லை.

மெய்கண்டார் இயந்திரம் என்னும் சொல்லை வைத்த இடம் இதுவே. உடம்பு, இந்திரியம், மனம் முதலிய எல்லாவற்றின் தொகுதியே ஆன்மா என்பாரை மறுக்கும் இறுதி ஏதுவில் அச்சொல் நிற்கின்றது. அத்தொகுதியைப் பகுத்து நோக்கின் உறுப்பு ஒவ்வொன்றும் தனக்கெனப் பெயரும் தொழிலும் உடையதாய் மாயையின் காரியமாகவே முடிகின்றது. ஆன்மா என்னும் பெயர்க்கு உரியது ஆண்டு அகப்படுவதில்லை. ஆதலின் அவற்றின் வேறாய், அவற்றைத் தன்னுடையனவாகக் கொண்டு நிற்பதொன்று உண்டு என்பது கருத்து.

இவ்விடத்துப் பௌத்தர் குறுக்கிடுவர். நாகசேனர் என்னும் தேரர் மிலிந்த அரசனை நோக்கி, நீ ஏறிவந்த தேரில் அச்சோ சக்கரமோ நுகமோ தேராவது யாது எனக் கேட்டு, எதுவுமன்று, கூட்டத்திற்கு இட்ட பெயரே தேர் என முடித்து, ஆளும் அத்தகையதே என நிறுவிய செய்தி மிலிந்தன் வினா என்னும் பாலி நூலில் உளது. தேரைப்பற்றி அவர் கூறியதை நாம் மறுக்கவேண்டுவதில்லை. தேர் சடம், அதற்குத் தான் என்பதொன்று இல்லை என்பது நமக்கும் உடன்பாடே. ஆயின் அரசன் தேரில் வந்தான். அவன் இறங்கி நின்று, என் தேர் என்றான். தேரைப் பகுத்துத் தேரில்லை என்று காட்டியதனால், என் தேர் என்றவனும் இல்லையாயினான் என்பது எங்ஙனம் பெறப்படும்? தேர்க்கு உரிய வழக்கைத் தேருடையான்மேல் ஏற்றிய வாதம் அது என்பது அடியேன் கருத்து. என் மேசைமேல் எஞ்சின் அடியோடு கலைந்து கிடந்தது; எது என் தந்தையினது என்று கேட்டவர் கலையாது நின்றிருந்தார்.

புதிய எஞ்சினைப் பொருத்துமுன் கிராங்கின் பின்முனையில் உள்ள எண்ணெய்த் தடையை மாற்றுதல் நன்று. பின்னர் ஒழுகினால் எல்லாவற்றையும் மீளக் கழற்ற வேண்டும். அதன்பொருட்டுப் பிளைவீலை எடுத்தேன். அதனை ஆறு போல்ட்டுகள் பிணிக்கும். எந்த நிலையில் வைத்தாலும் அது சென்று உட்காரும். ஆயின் அம்புக்குறியின் வழி ஒரு நிலையில் வைத்தாலன்றி எடை சமன்படாது, தீப்பொறிக்குரிய காலக்குறிகளும் பொய்த்துவிடும். அச்சக்கரத்தின் விளிம்பில் டி என்றும் எஸ் என்றும் இரண்டு எழுத்து வெட்டியிருக்கும். இத்தாலிய மொழியில் வலம், இடம் என்னும் சொற்களின் முதலெழுத்து அவை. பின் கிளட்ச்சின் இரண்டு தட்டுக்களின் பற்களும் நேர்நிற்கும்படி, கியர்பாக்ஸ் முனைபோன்ற பல்லுருளை ஒன்றை நடுவே செருகி வைத்து, எட்டு வில்லையும் இறுக்கவேண்டும். இச்செயலில் விரைபவன் கெட்டான். பழைய கியர்பாக்ஸ் பழுதற்றிருந்தமையின் அதனையே வைத்துக்கொண்டோம். இடையில் பத்தாண்டு கழிந்தும் பிணிப்பிடங்கள் மாறாமையின் அது புதிய எஞ்சினோடு வழுவின்றிக் கூடிற்று. பழைய கார்புரேட்டர்களைப் புதிய தலைகளில் இருத்த இடைக்குழாய் இரண்டு கடைந்து செய்யவேண்டியதாயிற்று. பெரிய சிலிண்டருக்கு ஏற்ப அவற்றின் ஜெட்டுகளும் மாறின. இவ்வளவே வேறுபாடு.

இஃது ஏன் இத்துணை எளிதாயிற்று என்பதை அவருக்குக் காட்டினேன். பழைய எஞ்சினில் பிஸ்டனின் விட்டம் 83 மில்லிமீட்டர், புதியதில் 88. பிஸ்டன் ஏறியிறங்கும் தொலைவு இரண்டிலும் 78 மில்லிமீட்டரே. கார்க்கானோ வகுத்த ஒரு வித்தினின்று முளைத்த இரண்டு காரியங்கள் இவை. அயலானும் அல்லன், அவனே என்பதும் அன்று. இந்நாட்டிலே 1950-களில் இளைஞர் சிலர் நார்ட்டன் வண்டியின் கூட்டில் டிரயம்ப் எஞ்சினை வைத்து ஓட்டி, இரண்டு பெயரையும் உடைத்து டிரைட்டன் என்று அதற்குப் பெயரிட்டனர். அஃது இரண்டு குலத்தின் கலப்பு. அதனை இகழ்வாரும் உளர், புகழ்வாரும் உளர். வளைவுகளில் நார்ட்டன் கூட்டின் உறுதியையும் டிரயம்ப் எஞ்சினின் வலிமையையும் ஒருங்கு பெற்றார்க்கு யார் இகழ்ச்சியும் பொருட்டாகவில்லை. நம் வண்டிக்கு நேர்ந்தது அத்தகைய கலப்பும் அன்று. எனினும் கண்ணுக்குத் தோன்றும் வடிவு மாறிற்று. வட்ட விளிம்பு போய்ச் சதுர விளிம்பு வந்தது. அவர் அதனைத் தடவிப் பார்த்து, “கோணம் கோணமாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னார்.

கூட்டை மீண்டும் மேலிருந்து இறக்கி, போல்ட்டுகளைச் செருகி, எண்ணெய் வார்த்து, பொத்தானை அழுத்தினோம். மூன்றாம் முறை எஞ்சின் பற்றிக்கொண்டது. யான் கைப்பிடியைச் சிறிது திருகினேன். உடனே வண்டி முழுவதும் வலப்புறம் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தது. கிராங்கு நீளவாட்டிற் கிடத்தலின், சுழற்சி திடீரென மிகும்போது அதன் எதிர்விசை வண்டியைப் பக்கவாட்டிற் சாய்க்கும். குட்ஸியின் இவ்வகை எஞ்சின்கட்கெல்லாம் இஃது இயல்பு. அவர் சிறுவராய்த் தந்தையின் பின்னே அமர்ந்து சென்ற காலத்து அச்சாய்வை அறிந்தவர். கண்ட அளவில் வாய்விட்டு நகைத்து, “இஃது அதுவே, அதுவே” என்றனர். அந்நகை முடியுமுன் கண்களும் கலங்கின.

எனக்குத் திருமூல நாயனார் சரிதை நினைவுக்கு வந்தது. கயிலையினின்று வந்த சிவயோகியார் திருவாவடுதுறையை அடுத்த காவிரிக்கரையில், ஆயனாகிய மூலன் இறந்து கிடக்க, ஆக்கள் அவ்வுடலைச் சூழ்ந்து கதறுதலைக் கண்டு இரங்கி, தம் உடலை ஓரிடத்துச் சேமித்து அவ்வாயன் கூட்டிற் புகுந்தனர். மூலன் எழுந்தான் என ஆக்கள் மகிழ்ந்து நக்கி மோந்து துள்ளின. மாலையில் அவற்றின்பின் சாத்தனூரை அடைந்தபோது மூலன் மனைவியும் அவ்வுடலைத் தன் கணவன் என்றே அணுகினள். அவர் நினக்கும் எனக்கும் தொடர்பில்லை என விலகி, மடத்திற் புக்கு யோகத்து அமர்ந்தனர். மறுநாள் ஊர்ப்பெரியோர் வந்து நோக்கி, இவர் வேறு நிலையினர் எனத் தெளிந்து அவளைத் தேற்றினர். ஆக்கள் உடலைக் கண்டு மகிழ்ந்தன. பெரியோர் உடலினுள் நின்றாரைக் கண்டு தெளிந்தனர். இரண்டிற்கும் இடையே ஏங்கி நின்றவள் அம்மனைவி. சரிதையை ஓதுங்கால் நாம் அவளை விரைந்து கடந்துவிடுகின்றோம். அவள் துயர் அறியாமையால் விளைந்ததெனினும் துயரே. என் அயலாரிடத்தும் யான் கண்டது அதுவே: முன்னாள் அவர் எஞ்சின் மாறியதால் அயலான் என்றார், இந்நாள் சாய்வு மாறாமையால் அதுவே என்றார். இருபோதும் தேடியது வண்டியை அன்று.

எஞ்சின் உயிர் என்று அவர் கூறியதற்கு உரிய விடை அன்று மாலை தானே வந்தது. வெப்பம் ஏறட்டும் என்று எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, வண்டியைத் தாங்கியின்மேல் நிறுத்திவிட்டு நாங்கள் தேநீர் அருந்தப் போனோம். திரும்பி வந்தபோது அது அங்கேயே நின்று கதகதவென்று ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்குகின்றது, மூச்சு விடுகின்றது, எண்ணெய் நரம்புகளில் ஓடுகின்றது. எங்கும் செல்லவில்லை, ஒன்றையும் நுகரவில்லை. பிராணவாயுவே ஆன்மா என்பாரை மறுக்கும் ஏது இதுவன்றோ? உறங்குவானுக்கு மூச்சு ஒழிவதில்லை. ஆயினும் உண்டலும் தொழிலும் அவன்பால் இல்லை. மூச்சே ஆன்மாவாயின் மூச்சுள்ளபோதெல்லாம் அறிவும் செயலும் நிகழ்தல் வேண்டும். எஞ்சின் வண்டிக்கு உயிரன்று, பிராணன் மாத்திரை என்று அவரிடம் சொன்னேன். கூடு தனு, எஞ்சின் பிராணன், கைப்பிடியும் விளக்கும் மணியும் கரணம் போல்வன, எல்லாம் சடமே. இவற்றை என்னது என்று கூறிக்கொண்டு ஏறுகின்றவர் எவரோ அவர் இவற்றுள் ஒன்றல்லர். எனது உடல் என்பவன் உடலின் வேறு என்பது எங்கள் ஆசிரியர் வாக்கின் பொருள் என்றேன்.

அவர் நெடுநேரம் வாளா இருந்து, எஞ்சினை நிறுத்திவிட்டு, “அங்ஙனமாயின், ஏறியவர் எங்கே போனார்?” என்று கேட்டனர்.

அவர் கிறித்தவ மரபிற் பிறந்தவர். கோயிலுக்குச் செல்லும் வழக்கம் விட்டு நெடுங்காலமாயிற்று. எம் சமயம் ஈண்டுக் கூறுவது இதுவென மட்டும் சொன்னேன்: பாம்பு தோலை உரித்து நீங்குவது போலவும், நனவினின்று கனவிற் புகுவது போலவும், ஆன்மா ஒரு தூலவுடலை விட்டுத் தன் வினைக்கு ஏற்ப மற்றொன்றை எடுக்கும், கருவி ஒழிதலால் கருவியை உடையான் ஒழியான். எங்கே என்பதை யானோ நீங்களோ சுட்டிக் காட்டுதல் இயலாது; அதனை அறிவான் கொடுப்பவன் ஒருவனே. இதற்குமேல் யான் கூறவில்லை. தேற்றுதற்பொருட்டு அறியாததை அறிந்ததுபோற் கூறுதல் சைவர்க்கு ஏற்றதன்று.

இவ்வுவமை எவ்வளவு செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதையும் சொல்லவேண்டும். வண்டியுடையார் தாம் விரும்பிய எஞ்சினை விலைகொடுத்து வாங்கினர். ஆன்மா தனக்கு வேண்டிய உடலைத் தானே தேர்ந்துகொள்வதில்லை. அதற்கு வினையை அறியும் ஆற்றலும் இல்லை. வினையும் சடமாதலின் தானே சென்று உடலைக் கூட்டமாட்டாது. கூட்டுவான் ஒருவன் வேண்டும். பட்டறையிலும் கூடு தானே எஞ்சினைக் கோத்துக்கொள்ளவில்லை. எஞ்சின் தானே வந்து புகவில்லை. உடையாரும் ஸ்பானர் பிடிக்க அறியாதவர். மூன்றாவதொருவன் இடையே நின்றமையாலேயே காரியம் முடிந்தது. தொழிலாளியாகிய என்னை இறைவனுக்கு உவமை கூறிக்கொண்டேன் என அன்பர் நகைக்கற்க. குயவனை உவமை கூறியவிடத்தும் குயவன் கடவுளாயினான் அல்லன். அன்றியும் யான் கூலி பெற்றேன். உடலை ஆன்மாவுக்குக் கொடுப்பவன் கூலி பெறுவதில்லை. இவ்வொரு வேறுபாடே உவமையை உரிய அளவில் நிறுத்தப் போதும்.

இந்நாட்டுப் பதிவேட்டில் எஞ்சினின் எண்ணும் கொள்ளளவும் எழுதப்பட்டிருக்கும். எஞ்சின் மாறினால் அரசாங்கத்தார்க்கு அறிவித்துத் திருத்திக்கொள்ளல் வேண்டும். கூட்டில் வெட்டிய எண்ணோ வண்டியின் அடையாளமாக நிலைத்து நிற்கும். அவர் அறிவிப்பை எழுதி அனுப்பிச் சில வாரத்தில் புதிய ஏடு வந்தது. அதில் 844 என்றிருந்த இடத்து 949 என்றிருந்தது. பதிவெண்ணும் உடையார் பெயரும் முன்போலவே இருந்தன. அதனைக் கொணர்ந்து காட்டியபோது, “அரசாங்கத்தாரும் உங்கள் ஆசிரியர் பக்கமே போலும்” என்றார்.

வைகாசித் திங்களில் அவர் அவ்வண்டியில் கடல் கடந்து தெற்கே சென்றனர். காட்டார்டு சுரங்கத்தின் வழியே செல்லாது, தந்தையார் சென்ற உச்சிப்பாதை பனிநீங்கித் திறக்கும்வரை அடிவாரத்தில் இரண்டு நாள் காத்திருந்து ஏறினராம். குறிப்பேட்டில் 1977-ஆம் ஆண்டுக் கணக்கின் கீழே ஒரு வரி இடம்விட்டு, இம்முறை பெட்ரோலும் எண்ணெயும் எவ்வளவு என்று தம் கையால் எழுதியிருந்ததைத் திரும்பியபின் காட்டினர். எண்ணெய்ச் செலவு தந்தையார் காலத்தினும் குறைவு.

உடைந்த எஞ்சினை என்செய்வது என்று கேட்டேன். முதலில் வீட்டில் வைக்கப்போவதாகச் சொல்லியிருந்தவர், வேண்டாம் என்றனர். அதன் உடல் உருக்குவார்க்குப் போயிற்று. வட்ட விளிம்புடைய இரண்டு தலைகளும் பழுதற்று இருந்தமையின், வேல்ஸ் நாட்டினின்று ஒருவர் வந்து தம் 850-க்கு ஆகுமென்று அவற்றை வாங்கிச் சென்றார்.